இசைக்குப் பகை நான்கு

சிலப்பதிகாரத்து வேனிற்காதையில், மாதவி யாழைக் கையிலெடுக்குமிடத்தில், செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் பெயர் சுட்டிக் கூறுகின்றார். பண்ணோடு பொருந்தாது ஒலித்தல் செம்பகை. அளவு கடந்து ஓங்கி ஒலித்தல் ஆர்ப்பு. ஓசை தெளிவின்றி மழுங்குதல் கூடம். நரம்பைச் சிதற உந்துதல் அதிர்வு. யாழ் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் பல கழிந்தன. ஆயினும் ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு வீட்டில் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு கணினியில் இசை பதியும் இளைஞர், இந்நான்கையும் ஒரே நாளில் சந்தித்துவிடுகிறார்.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்துவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அங்கே பாடப்பட்ட தாலாட்டும் ஒப்பாரியும் முதியோர் சிலர் நாவில் எஞ்சியுள்ளன. பாட்டி பாடப் பேரன் கித்தாரில் துணை செய்து பதிந்து வைப்பானாயின், அது குடும்பச் சொத்து. அப்பதிவில் மின்விசிறியின் இரைச்சலே மேலோங்கி நின்றால், அடுத்த ஆண்டு மீண்டும் பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட முடியுமா?

மருத்துவர் நோயின் முதலை நாடுவதுபோல், இரைச்சல் பிறக்குமிடத்தை முதலில் அறிதல் வேண்டும். யாரும் பேசாமலும் மீட்டாமலும் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிந்து, செவியில் பொருத்தும் ஒலிபெருக்கியால் கேட்க வேண்டும். அதில் இரைச்சல் இருந்தால், குற்றம் அறையினுடையது அல்லது மின்சாரத்தினுடையது. இல்லையாயின் அது கருவியினுடையது அல்லது மீட்டுவோருடையது.

செம்பகைக்கு மருந்து சுருதி கூட்டுவதே. ஆசிரியர்க்கு அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கூடம்தான் பெருந்தொல்லை. வீட்டுக் கூடத்தில் பதியும் இசைக்குக் கூடம் என்ற குற்றமே மிகுதி என்பது சொல்லின் விளையாட்டுப் போலும்!

தாழ்ந்த குரலில் இடையறாது "உம்" என்றொரு ரீங்காரம் கேட்டால், அது பெரும்பாலும் மின்கம்பியின் வேலை. மலேசியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது; அதனால் 50, 100 என்னும் அதிர்வெண்களில் ஒலி எழுகிறது. கித்தாரின் தடித்த நரம்பு வெறுமனே நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். அதன் மூன்றாம் மெட்டில் 98 முறை. ரீங்காரமும் இசையும் ஒரே இடத்தில் நிற்பதால், ஒன்றை வெட்டினால் மற்றதும் குறைகிறது. எனவே வெட்டுவதினும் வாராமற் காத்தலே நன்று. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றி, மின்கலத்திலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். நரம்பின்மேல் கை வைத்ததும் ரீங்காரம் தணியுமாயின், கித்தாரில் பொருத்திய மின்கருவியிலோ அதன் வடத்திலோ நிலக்கம்பி இணைப்போ கவசமோ பழுதுபட்டிருக்கக்கூடும். ரீங்காரத்தை ஒழிக்கிறேன் என்று மூன்று முனைச் செருகியின் நிலக்கம்பியைத் துண்டிப்போர் உளர். அது உயிருக்கே உலை வைக்கும் செயல்.

"உஸ்" என்ற சீறல் வேறு. ஒலிவாங்கியைத் தொலைவில் வைத்து, குறைந்த ஒலியைப் பெருக்கியால் ஏற்றும்பொழுது, கருவியின் சீறலும் உடன் ஏறுகிறது. தொலைவைப் பாதியாக்கினால் இசையின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் உயரும்; அறையின் இரைச்சலோ இருந்தபடியே இருக்கும். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவு தொடக்கத்திற்கு ஏற்றது. கித்தாரின் வாய்த்துளைக்கு நேரே வைப்பது பலரும் செய்யும் பிழை. உள்ளிருக்கும் காற்றின் முழக்கம் அங்கே மிகும். முன்புற ஒலியையே மிகுதியாக வாங்கும் ஒலிவாங்கியாயின், அதன் முதுகைச் சாலைப்பக்கச் சன்னலுக்குத் திருப்பி வைக்கலாம்.

ஆர்ப்பு எளிதில் புலப்படும். சிவப்பு விளக்கு எரியும். அளவை மீறிய ஒலியின் முகடு அப்பொழுதே அறுபட்டுப் போகிறது. பிறகு குறைத்தாலும் அறுந்தது முழுமையாக ஒட்டாது. உச்ச ஒலி, எல்லைக்கு 6 முதல் 12 டெசிபல் கீழேயே நிற்குமாறு தொடக்கத்தில் அமைப்பது அறிவுடைமை.

அதிர்வுக்குக் காரணம் எப்பொழுதும் கை வன்மையன்று. மரம் காற்றின் ஈரத்தை உண்டு உப்பும், வறட்சியில் சுருங்கும். குளிர்சாதன அறையில் நெடுநாள் கிடந்த கித்தாரின் மேற்பலகை தாழ, நரம்பு மெட்டில் உரசிக் கரகரக்கும். முறுக்காணியின் தளர்ந்த திருகு, நரம்பின் நீண்ட நுனி, மீட்டுவோரின் சட்டைப் பொத்தான் ஆகியவையும் இதே குற்றத்தைச் செய்யும். சுற்றுக்கம்பி நரம்பில் விரல் வழுக்கும் கீச்சொலியைக் குறைக்க, விரலை இழுக்காமல் தூக்கி வைக்கப் பழக வேண்டும்.

பழைய தோட்டத்து வீடுகளின் பலகைச் சுவரும் தகரக் கூரையும் எவ்வொலியையும் தடுப்பதில்லை. கம்பளிகளைத் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி அடங்குமேயன்றி, வெளியே சிலம்பும் சில்வண்டு அடங்காது. அதன் குரல் நரம்பின் மேலொலிகள் வாழும் இடத்திலேயே நிற்பதால், கணினி கொண்டு நீக்கினால் இசையின் ஒளியும் உடன் மங்கும். முற்பகலின் பிற்பகுதியே தக்க வேளை. அப்பொழுது அந்திப் பூச்சிகளின் கூச்சல் இல்லை. பிற்பகல் மழையும் பெரும்பாலும் வந்திராது. மழை முந்திக்கொண்டால், தகரம் ஓயுமட்டும் பாட்டியிடம் கேட்டுப் பாட்டின் சொற்களை எழுதிக்கொண்டிருக்கலாம். மழை விட்டதும் தவளைகள் தொடங்காதிருந்தால் பதிவைத் தொடரலாம்.