உணவை மறுக்கும் நோயும் குடும்பத்தின் துணையும்

நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுசெல்கின்றோம். அவரோ, "இப்பிள்ளைக்குப் பெற்றோரே தகாத துணை, வீட்டாரிடமிருந்து பிரித்து வையுங்கள்" என்கின்றார். இதனைக் கேட்டால் எந்தத் தாயும் திகைத்துப்போவாள். ஆயினும் உணவை மறுத்து, உடல் மெலிந்து, உயிருக்கே ஊறு விளைவிக்கும் ஒரு நோயைப் பொறுத்தவரையில், மேனாட்டு வைத்தியர் பலர் நெடுங்காலம் இவ்வாறே கூறிவந்தனர். இன்று அதே நோய்க்கு, இளம்பிள்ளைகளைப் பொறுத்தமட்டில், பெற்றோரைத் துணையாகக்கொண்டு வீட்டில் இருத்தியே செய்யும் சிகிச்சை முதன்மை பெற்றுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகின்றது என்பவற்றையே இப்பேச்சில் விளக்க முனைகின்றேன்.

1873 ஆம் ஆண்டில், இலண்டனைச் சேர்ந்த சேர் வில்லியம் கல் என்னும் வைத்தியர் இந்நோய் பற்றி மருத்துவச் சங்கமொன்றிலே கட்டுரை படித்தார். மறு ஆண்டில் அச்சேறிய அக்கட்டுரையில் 'அனொரெக்சியா நெர்வோசா' என்ற பெயரை நோய்க்குச் சூட்டினார். அதே 1873 இல் பாரிஸ் நகரிலே சார்ல் லசேக் என்பவரும் இதனைத் தனியே விவரித்தார். நோயாளியைப் பராமரிக்க உறவினர் பெரும்பாலும் பொருத்தமற்றவர் என்பது கல் அவர்களின் கருத்து. பிற்காலத்தவரும் இதனைப் பின்பற்றினர்.

நோயின் பெயருக்குப் பசியின்மை என்பது பொருள். இப்பெயர் நம்மை வழிதவறச் செய்யக்கூடியது. இந்நோயாளருக்குப் பசி இல்லாமலில்லை. அவர் பசியோடு இடைவிடாது போராடுகின்றார். எலும்பு தெரிய மெலிந்தபின்னரும், தாம் பருத்துவிடுவோம் என்ற அச்சம் அவரை விடுவதில்லை. ஒரே அமர்வில் அளவுமீறி உண்பதும், பின்னர் அதற்கு ஈடுசெய்ய உடலை வருத்துவதுமான வேறொரு வடிவமும் உண்டு. 'புலிமியா நெர்வோசா' என்ற அந்நோயை 1979 இல் ஜெரால்ட் ரசல் என்ற வைத்தியர் விவரித்தார். இவை பெண்பிள்ளைகளிடத்தே மிகுதியாகக் காணப்படினும், ஆண்பிள்ளைகளும் இவற்றுக்கு விலக்கல்லர்.

உணவை மறுப்பது மனம் சார்ந்த நோயாயின், முதலில் மனத்தைச் சரிசெய்து, பின்னர் உணவைப் பற்றிப் பேசலாமே என்று சிலர் வினவக்கூடும். இதற்கு விடை கூறுவது அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலே அன்செல் கீஸ் என்பவர் 1944 ஆம் ஆண்டிறுதியில் தொடங்கிய ஓர் ஆய்வு. போரிற் சேர மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர் அதற்குத் தாமாகவே முன்வந்தனர். உடல்நலமும் மனநலமும் நன்கு வாய்த்தவர்களே தெரிந்தெடுக்கப்பட்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு உணவு குறைத்துக் கொடுக்கப்பட்டது. உடல் நிறையிலே ஏறக்குறைய காற்பங்கு குறைந்தபோது, அவர்களுடைய மனமும் மாறிவிட்டது. எப்பொழுதும் உணவையே நினைத்தனர், சமையற் புத்தகங்களை ஆர்வத்தோடு படித்தனர், ஒரு வேளை உணவை நெடுநேரம் இழுத்து உண்டனர், எளிதிற் சினந்தனர், நண்பரை விட்டு ஒதுங்கினர். பட்டினி ஒன்றே ஒருவருடைய குணத்தை இவ்வளவு மாற்றவல்லது. ஆதலால் உணவே முதல் மருந்து என்ற முடிவுக்கு வைத்தியர்கள் வந்தனர். பட்டினியால் மங்கிய மனத்தோடு வாதாடிப் பயனில்லை.

அந்த மருந்தை ஊட்டுபவர் யார்? தென் இலண்டனிலுள்ள மோட்ஸ்லி வைத்தியசாலையில், பயிற்சி பெற்ற தாதியர் ஒவ்வொரு வேளையும் நோயாளியின் அருகே அமர்ந்து, பொறுமையோடும் உறுதியோடும் உண்ணச் செய்தனர். நிறையும் கூடியது. ஆனால் வீடு திரும்பியபின் பலர் மீண்டும் மெலிந்தனர். தாதியர் செய்த பணியை வீட்டிலே பெற்றோர் செய்தால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் எழுந்தது. ரசலும் அவருடைய துணைவர்களும், வைத்தியசாலையில் நிறை தேறி வெளியேறிய 80 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தனியாகவும், மறு பிரிவினர் குடும்பத்தோடும் ஓராண்டு வெளிநோயாளராகச் சிகிச்சை பெற்றனர். முடிவு 1987 இல் வெளியாயிற்று. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்றாண்டுக்கு மேற்படாமல் அதனாற் பீடிக்கப்பட்டிருந்தவர்களுக்குக் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே கூடிய பயன் தந்தது. ஐந்தாண்டுகளின் பின்னரும் அப்பயன் நிலைத்திருந்தது.

இச்சிகிச்சை மூன்று கட்டங்களாக நடைபெறுகின்றது. முதற் கட்டத்தில் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கின்றனர். குடும்பம் முழுவதும் வாரந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குச் செல்கின்றது. பிள்ளையின் நிறை அங்கே அளக்கப்படுகின்றது. இரண்டாம் சந்திப்புக்கு வீட்டார் உணவு கட்டிக்கொண்டு போகின்றனர். சிகிச்சையாளர் முன்னிலையிலே எல்லாரும் உண்கின்றனர். பிள்ளை மறுக்கும்போது தாய் என்ன சொல்கின்றாள், தந்தை என்ன செய்கின்றார் என்பதைக் கவனித்து, இன்னும் ஒரு கவளம் உண்ணச் செய்யும் வழியை அவர் காட்டுகின்றார். நிறை தேறிவரும்போது இரண்டாம் கட்டம் தொடங்கும். அப்பொழுது உண்ணும் பொறுப்புச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்பக் கொடுக்கப்படும். மூன்றாம் கட்டத்திலே கல்வி, நட்பு, எதிர்காலம் என அவ்வயதுக்குரிய பிற விடயங்கள் பேசப்படும். இவையனைத்தும் நிறைவேற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும்.

வீட்டில் இதனை நடத்துவது எளிதன்று. பிள்ளை அழும், கோபிக்கும், தட்டைத் தள்ளும். அப்பொழுது பிள்ளை வேறு, நோய் வேறு என்பதைப் பெற்றோர் மறவாதிருத்தல் வேண்டும். "நீ பிடிவாதக்காரி" என்று ஏசுவதனால் நோயே வலுப்பெறும். "இது உனக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், ஆயினும் இதனை உண்ணத்தான் வேண்டும், நான் அருகில் இருக்கின்றேன்" என்ற சொற்கள் துணைசெய்யும். உணவின் அளவுபற்றிப் பேரம் பேசுதல் தகாது. தாய் ஒன்றும் தந்தை வேறொன்றும் சொல்வாராயின், அந்த இடைவெளியிலே நோய் புகுந்துவிடும். உடலின் பருமை, மெலிவு பற்றிய பேச்சை வீட்டில் எவரும் எடுத்தலாகாது. "சற்றுத் தேறிவிட்டாய்" என்ற புகழ்ச்சியும் நோயாளியின் செவிக்கு வேறாகவே படும். உணவுண்டபின் சிறிதுநேரம் பிள்ளையைத் தனியே விடாது, பேச்சிலோ விளையாட்டிலோ ஈடுபடுத்துதல் நலம். சகோதரர் காவலராக நடந்துகொள்ளாது, ஆறுதல் கூறும் தோழராக இருத்தல் போதும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. அமெரிக்காவிலே 121 இளையோரிடத்து நடந்து, 2010 இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழிந்தபோது முழுமையாகத் தேறியிருந்தோர், குடும்பச் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 49 பேர். தனியே சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 23 பேர். எஞ்சியோருக்குக் காலமும் வேறு வழிகளும் தேவைப்படுகின்றன. வளர்ந்தோருக்கு அவர்களுடைய எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் தனிச் சிகிச்சையும் உண்டு. ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கிறிஸ்ரோபர் ஃபெயர்பேர்ன் அதனை வகுத்தார். பிள்ளை கொடுமைக்குள்ளாகும் வீட்டில் குடும்பச் சிகிச்சை பொருந்தாது.

வீட்டில் இருத்தக்கூடாத நிலையும் உண்டு. மயங்கி விழுதல், நாடி மிக மெதுவாதல், நீரையும் மறுத்தல், தன்னை மாய்த்துக்கொள்வதாகப் பேசுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நெடுநாட் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென மிகுதியாக உணவு கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்புச் சத்துக்கள் நிலைகுலைந்து இதயம் பாதிக்கப்படக்கூடும். ஆகவே உணவூட்டலைத் தொடங்குவது வைத்தியரின் மேற்பார்வையிலேயே நடைபெறுதல் வேண்டும்.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு சொல். "என் வளர்ப்பிற் பிழையோ?" என்ற வினா அவர்களை இரவிலே உறங்கவிடாது. குடும்பமே இந்நோய்க்கு முதற் காரணம் என்ற கொள்கையை, இத்துறை அறிஞர்களின் சர்வதேசக் கழகமொன்று 2010 ஆம் ஆண்டிலே வெளிப்படையாக மறுத்தது. குற்றவுணர்வால் ஒடுங்கிய தாய் உறுதியோடு தட்டை நீட்ட இயலாதவளாகின்றாள். அக்குற்றவுணர்வை இறக்கி வைத்துவிட்டு, நோயின் தொடக்கத்திலேயே வைத்தியரை நாடுங்கள். கல் அவர்களின் காலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தாய்க்கும் தந்தைக்கும், இன்று பிள்ளையின் அருகே ஓர் இருக்கை போடப்பட்டிருக்கின்றது. அடுத்த வேளை உணவுக்கு அதில் அமர்வதே தொடக்கம்.