தராசு யாருக்குப் பேசுகிறது?

1980களில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊட்டச்சத்துக் கணக்கெடுக்கப் போகிறவருக்கு முதல் சிக்கல் எடையல்ல, வயது. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று பெரும்பாலான வீடுகளில் கிடையாது. ஆகவே ஊர்த் திருவிழாக்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு தாயிடம் கேட்க வேண்டும்.

“நார்த்தாமலை பூச்சொரிதலுக்கு முன்னாடியா பின்னாடியாம்மா?”

“பின்னாடிதான் சார். தேரு ஓடி ஒரு வாரம் இருக்கும்.”

“இந்த வருசத் தேரா, போன வருசத் தேரா?”

இந்த இடத்தில் மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரி வேறொன்று சொல்வார். ஆடிப் பதினெட்டு, தீபாவளி, யார் வீட்டுக் கல்யாணம் என்று சுற்றி வந்து கடைசியில் மாதக் கணக்கு பிடிபடும். இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. ஒன்பது கிலோ ஒரு வயதுக் குழந்தைக்குச் சரியான எடை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதே ஒன்பது கிலோ குறை. வயது தப்பினால் நோஞ்சான் பிள்ளை நல்ல பிள்ளையாகிவிடும், எடை குறைந்த பிள்ளைக்குத் தரும் சத்துருண்டை அதற்குக் கிடைக்காமலே போய்விடும்.

இன்று கர்ப்பம் பதிவானதுமே தாய்க்கு ‘பிக்மி’ என்ற பதிவு எண் வந்துவிடுகிறது. குழந்தை பிறந்த தேதி அங்கன்வாடி டீச்சரின் கைபேசியில் இருக்கிறது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். அந்த அரை நூற்றாண்டுக்குள் நடந்த பெரிய மாற்றங்களில் குழந்தையின் பிறந்த தேதி கையில் இருப்பதை நான் முதலில் வைப்பேன். சாலையையும் கட்டடத்தையும் பார்த்து வியக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வயதோடு சேர்த்துப் பார்க்க எடை போடும் தராசு ஊருக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு ‘தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு’ நடந்தது. அப்போது மாநிலத்தில் சத்துணவுத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை மிகவும் தேவைப்பட்ட குழந்தைகளை, அதாவது தாய்ப்பாலோடு மற்ற உணவும் தொடங்க வேண்டிய ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைச் சரியாக எட்டவில்லை. கொடுத்த உணவும் வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் சேரவில்லை, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளைக்குச் சோறு கிடைத்தது. இடுப்பில் இருந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, ஆறு மாவட்டங்களின் 173 ஒன்றியங்களுக்குப் பரவியது. ஊட்டச்சத்து நிலை மோசமாக இருந்த மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஆறில் புதுக்கோட்டையும் ஒன்று. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையென்றால் கம்பும் கேழ்வரகும், அதுவும் பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் என்றிருந்த வானம் பார்த்த பூமிக்கு அந்தத் தேர்வு பொருந்தத்தான் செய்தது.

அன்றைய நிலையில் அது வித்தியாசமான திட்டம். எல்லாக் குழந்தைக்கும் சோறு போடவில்லை. எல்லாக் குழந்தையையும் எடை போட்டது. மாதம் ஒரு முறை, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை. உத்தரத்திலோ மரக்கிளையிலோ தராசைத் தொங்கவிட்டு, தூளியில் குழந்தையை வைப்பார்கள். குழந்தை காலை உதறும், முள் ஆடும். முள் நிற்கும்வரை பணியாளர் பொறுத்திருந்து, கண்மட்டத்துக்கு நேராக நின்று படிக்க வேண்டும். பிறகு அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பார். கோடு மேலே ஏறினால் சரி. படுத்துவிட்டாலோ சரிந்தாலோ அந்தக் குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு. எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள், தேறாவிட்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். தானியம், பருப்பு, வெல்லம் சேர்ந்த மாவை உருண்டையாகப் பிடித்துக் கொடுத்ததற்கும் காரணம் இருந்தது. தின்பண்டம் போல இருந்தால்தான் வீட்டில் சோற்றைக் குறைக்க மாட்டார்கள்.

பணியாளர் அதே ஊர்ப் பெண். ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒருவர். வசதியில்லாத வீட்டவளாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த தாயாக இருந்தால் நல்லது என்று தேடி எடுத்தார்கள். இந்த ஒரு விதியில் எவ்வளவு அறிவு இருக்கிறது! “உன்னால முடியும்” என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல அவளுக்குத்தான் தகுதி உண்டு. “எம்புள்ளைக்கு மட்டும் ஏன்க்கா உருண்டை இல்ல?” என்று கேட்ட தாய்க்கு அவள் அட்டையைக் காட்டிப் பதில் சொன்னாள். படிக்கத் தெரியாத தாய்க்கும் ஏறும் கோடும் சரியும் கோடும் புரிந்தன.

அந்தத் தராசு முதலில் பேசியது தாயிடம். மேலதிகாரிக்குப் போனது அதற்குப் பிறகு.

இந்தத் திட்டத்துக்கு இன்னொரு நல்லூழும் இருந்தது. தொடங்கும்போதே அளந்தார்கள், இடையில் அளந்தார்கள், முடிவிலும் அளந்தார்கள். மாநில அரசின் மதிப்பீடு மற்றும் பயன்பாட்டு ஆய்வுத் துறை அந்தக் கணக்கெடுப்புகளைச் செய்தது. கடுமையான ஊட்டக்குறை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக முதல் கட்டத்தின் கணக்கு. 1990களில் இரண்டாம் கட்டம் பரந்து விரிந்தபோது கடும் குறை மேலும் குறைந்தது. நடுத்தரக் குறை பிடிவாதமாக நின்றது. இந்த இரண்டாவது செய்தி திட்டம் நடத்தியவர்களுக்குக் கசந்திருக்கும். ஆனாலும் அது எழுதப்பட்டது. உலகெங்கும் ஊட்டச்சத்து பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் தமிழ்நாட்டை எடுத்துக்காட்டுவது வெற்றிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கே வென்றது, எங்கே நின்றுபோனது என்று சொல்லும் கணக்கு கையில் இருப்பதற்காகவும்தான்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இப்படி முன்கூட்டி அளக்கவில்லை. பசி அளந்து பார்க்கும்வரை காத்திருக்காது என்பது நியாயம். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2004இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மதிய உணவால் நன்மை என்று ஊகிக்கப்படுவது அதிகம், உறுதியான தரவு குறைவு என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இருபதாண்டுக்கு மேல் கோடிக்கணக்கான தட்டுகளில் சோறு விழுந்த பிறகு சொல்லப்பட்ட சொல் அது. திட்டத்தின் எதிரிகள் சொன்னதல்ல. அது நன்றாக நடக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் சொன்னது. மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் தொடங்கிய அந்த நிறுவனம் போன்ற, லாப நோக்கமில்லாத ஆய்வு மையங்களின் பயன் இதுதான். அரசோடு பேசவும் முடியும், அரசின் பதிலை ஒப்புக்கொள்ளாமல் இருக்கவும் முடியும்.

புதுக்கோட்டைக்குள்ளேயே அப்படி ஒரு மையத்தின் கால்தடம் இருக்கிறது. 1988இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், இலுப்பூர் அருகே இடையப்பட்டியில் பயறு சாகுபடியை ஊர் முழுதும் சேர்ந்து செய்யும் வேலையாக்கியது. தட்டில் பருப்பு கூட வேண்டுமென்றால் வயலில் பயறு கூட வேண்டும் என்ற எண்ணம். இதே எண்ணத்தை அந்த நிறுவனம் மகாராஷ்டிரத்தின் வார்தாவிலும் ஒடிசாவின் கோராபுட்டிலும் விரிவாகச் சோதித்தது. தொடக்கத்திலேயே வீடுவீடாக என்ன விளைகிறது, என்ன உண்கிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டு, சில ஆண்டுக்குப் பின் அதே கேள்வியோடு திரும்பிப் போனார்கள். திரும்பிப் போவதுதான் கடினம். நிதி தருகிறவருக்குத் தொடக்க விழாவில் இருக்கும் ஆர்வம் இரண்டாவது கணக்கெடுப்பில் இருப்பதில்லை.

இன்னொரு புதுக்கோட்டைச் செய்தியையும் இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். வயல்வேலைக்காரப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் கிராம செவிலியர்களும் பால்வாடிப் பணியாளர்களும் அவர்களில் இருந்தார்கள். ஊட்டச்சத்து அறிக்கைகளில் சைக்கிளுக்கு அட்டவணை கிடையாது. ஆனால் எடை சரிந்த குழந்தையைப் பார்க்க செவிலியர் வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் இடையில் அந்தச் சைக்கிள் இருந்தது.

இன்றைய அங்கன்வாடிக்கு வருவோம். தூளித் தராசு போய் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. எடையோடு உயரமும் அளக்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து நீளம் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சிரமம் தெரியும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை அமுக்கிப் பாதத்தை நேராக்க வேண்டும். உதவியாளர் அடுப்பங்கரையில் இருந்தால் டீச்சர் ஒருவரே அளக்கிறார். முழங்கால் மடங்கியிருந்தால் ஓரிரு சென்டிமீட்டர் போய்விடும். அதோடு குழந்தை ‘குள்ளம்’ என்ற கட்டத்துக்குள் விழும், அல்லது போன மாத எண்ணே இந்த மாதமும் எழுதப்படும்.

எழுதுவது 2021இல் வந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில். எண்ணைப் போட்டதும் அது டெல்லிவரை தெரிகிறது. இது சாதாரண காரியமல்ல. 1980களில் ஒரு மாவட்டத்தின் நிலை தெரிய மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் செயலிக்குள் போன எண் தாயின் கைக்கு எவ்வளவு வருகிறது? பல இடங்களில் அட்டைக்கோடு பற்றிய அந்தப் பேச்சு சுருங்கிவிட்டது. சிக்னல் தேடி வாசலுக்கும் வேப்பமரத்தடிக்கும் நடக்கும் டீச்சருக்கு, பதிவேற்றி முடிப்பதே அன்றைய பெரிய வேலை. தாயிடம் உட்கார்ந்து “ஏம்மா, இந்த மாசம் புள்ளைக்கு வயித்தால போச்சா?” என்று கேட்க நேரம் எங்கே?

நேரம்தான் முடிச்சு என்பதை ஒரு நல்ல ஆய்வு காட்டியிருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள், ஜே-பால் ஆய்வு மையத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதி மையங்களுக்கு மட்டும் அரைநேர வேலைக்கு ஒரு ஆள் கூடுதலாகத் தந்தார்கள். பாடம் சொல்லும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தேறின. அங்கன்வாடியில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடம் கடும் ஊட்டக்குறையும் வயதுக்கேற்ற உயரமின்மையும் குறைந்தன. புது மாவோ மருந்தோ இல்லை. ஒரு ஜோடிக் கை கூடியது, அவ்வளவுதான். அன்று சத்துருண்டை யாருக்கு என்று தராசு தீர்மானித்தது போல, பணத்தை எங்கே போடலாம் என்று இப்படிப்பட்ட ஆய்வு தீர்மானிக்க வேண்டும். அங்கன்வாடிகளில் காலிப்பணியிடம் பேசப்படும் போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்தது. 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியது என்றார்கள். 2004 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான ஜெயரஞ்சன் 2021இல் அந்தக் குழுவின் துணைத் தலைவரானார். தரவு எங்கே என்று வெளியிலிருந்து கேட்டவர் உள்ளே போய், சுடச்சுட அளந்தது நல்ல அறிகுறி. இருந்தாலும் வருகை வேறு, ரத்தத்தின் இரும்புச்சத்து வேறு. காலையில் கிச்சடியும் பொங்கலும் தின்ற பிள்ளையின் எடையும் உயரமும் ரத்தமும் மூன்று நான்கு ஆண்டில் எப்படி மாறின என்பதை, திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மையம் அளந்து சொல்ல வேண்டும்.

ஏனென்றால் இன்றைய குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 2015-16இல் 27.1 விழுக்காடு, 2019-21இல் 25. உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள் 19.7இலிருந்து 14.6. இதே காலத்தில் ரத்தசோகை உள்ள குழந்தைகள் 50.7இலிருந்து 57.4 ஆனார்கள். பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் மகப்பேறு உதவித்திட்டம் நடக்கிறது. ரூ.18,000 உதவியில் ரூ.4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருகிறார்கள். வீடு சேர்ந்த பெட்டகத்தைத் தாய் சாப்பிடுகிறாளா, வீட்டாரெல்லாம் பகிர்கிறார்களா? 1970களில் கேட்ட அதே கேள்வி. இதற்குப் பதில் செயலியில் வராது. சமையலறையில் உட்கார்ந்து, நேற்று காலை முதல் இரவுவரை யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பொறுமையாகக் கேட்கிறவருக்குத்தான் தெரியும்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கிறார்கள். அந்த ஊர் அங்கன்வாடியில் எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் பின்தங்கினார்கள் என்பதையும், பெயர் சொல்லாமல், அங்கே வாசிக்கலாம். வெளி ஆய்வு மையம் அந்த ஒன்றியத்தில் கணக்கெடுத்திருந்தால் அதன் முடிவையும் இரண்டு பக்கத் தமிழில் வைக்கலாம். டீச்சரின் எண்ணும் ஆய்வாளரின் எண்ணும் ஒத்துப்போகாத ஊரில், ஏன் என்று கேட்க அந்த ஊர்த் தாய்மார்களுக்கு இடம் கிடைக்கும்.