பாடலும் பேச்சும்: நாடகத்தை மொழிபெயர்த்தல்

கொங்கு நாட்டு ஊர்களில் உடுக்கடிப் பாட்டாக வழங்குவது அண்ணன்மார் கதை. பாடகர் நிகழ்ச்சிகளைப் பேச்சாகச் சொல்லிச் செல்வார். பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கும் படுகளத்திற்குத் தங்கை அருக்காணித் தங்கம் வந்து சேரும்போது, பேச்சு நின்று பாடல் எழும். கதையை நகர்த்துவது பேச்சு. துயரைத் தாங்குவது பாடல். இத்தகைய கலையை வேற்று மொழிக்குக் கொண்டுசெல்வோர் பாடலை விட்டுவிட்டால் என்ன நேரும்? பழஞ்சீன நாடகம் ஒன்றின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

பாடல் இழந்த நாடகம்

சீனாவில் யுவான் மரபினர் ஆண்ட காலத்தில் (1271–1368) பாடலும் உரையாடலும் விரவிய நாடகங்கள் செழித்தன. சி சுன்சியாங் இயற்றிய 'சாவோ குலத்தின் அநாதை' அவற்றுள் ஒன்று. கொடியவன் ஒருவன் சாவோ குலத்தையே கருவறுக்கிறான். எஞ்சிய ஒற்றைக் குழந்தையைக் காக்க மருத்துவர் ஒருவர் தம் மகனையே இழக்கிறார். அக்குழந்தைக்காக உயிர் துறக்கும் வேறிருவர் தம் உள்ளக் கொதிப்பைப் பாடல்களில் வெளியிடுகின்றனர்.

பிரெஞ்சுப் பாதிரியார் பிரேமார் 1731இல் இதனைத் தம் மொழியில் பெயர்த்தார். உரையாடலை மட்டும் பெயர்த்த அவர், பாடல் வரும் இடங்களில் 'பாடுகிறார்' என்று குறித்துவிட்டு மேலே சென்றார். 1735இல் அச்சேறிய அப்பெயர்ப்பிலிருந்தே 1736இல் ஆங்கில வடிவம் தோன்றியது. இக்கதையைத் தழுவி 1755இல் நாடகம் எழுதிய வால்டேர், சீன மூலத்தில் உணர்ச்சியும் சொல்வன்மையும் இல்லை என்று குறை கூறினார். அவர் தேடியவை விடுபட்ட பாடல்களில் இருந்தன!

வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. இந்நாடகத்தின் மிகப் பழைய யுவான் காலப் பதிப்பில் பாடல்களே உள்ளன, உரையாடல் இல்லை. சீனர் முதன்மையாகப் போற்றிக் காத்த பகுதியையே முதல் மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டார். 1834இல் ஸ்தனிஸ்லாஸ் ஜூலியன் பாடல்களையும் சேர்த்துப் பிரெஞ்சில் வெளியிட்ட பின்னரே அக்குறை நீங்கியது.

கொங்கு மண்ணில்

கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1960களில் காங்கேயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். அப்போது அண்ணன்மார் கதையை, பாடகர்கள் நிகழ்த்தியவாறே ஒலிநாடாவில் பதிந்தார். அது தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பேச்சோடு பாடலும் அதில் இடம்பெற்றது. மூலமும் உடனிருப்பதால், மொழிபெயர்ப்பில் எது வந்தது, எது நழுவியது என்பதைப் படிப்போர் தாமே ஒப்பிட்டு அறியலாம்.

உடுக்கையின் ஒலியையும் பாடகர் குரலின் நடுக்கத்தையும் அச்செழுத்து முழுமையாகத் தாங்குவதில்லை. ஆயினும் பாடல் பாடலாகப் பதிவு பெற்றிருந்தால், பின்வரும் மொழிபெயர்ப்பாளர் மீண்டும் முயல வழியுண்டு. பதியப்படாத பாடல் பாடியவரோடு மறைந்துபோகும்.

கிணத்துக்கடவு போன்ற ஊர்களில் வாழும் முதியோரிடம் பழங்கதை கேட்கச் செல்லும் மாணவர், கதைச் சுருக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் போதாது. "இந்த இடத்தில் பாட்டு உண்டா?" என்று கேட்டு, அதனையும் சொல் மாறாமல் பதிந்துகொள்ளுதல் வேண்டும்.