முதிய நீரிழிவு நோயாளரும் வைத்தியசாலை உணவும்

நீரிழிவு நோயை மலையகத் தோட்டங்களில் ‘சீனி வியாதி’ என்றே பலரும் வழங்குவர். இப்பெயரே ஒரு தவறான எண்ணத்திற்கு இடமளித்துவிடுகின்றது. சீனியை விலக்குவதோடு சோற்றையும் ரொட்டியையும் இயன்றவரை குறைத்துவிட்டால் நோய் தணியும் என்று வீட்டார் கருதுகின்றனர். உடல் பருத்த நடுவயதினர் ஒருவருக்கு உணவைக் குறைத்தல் நன்மை தரலாம். ஆனால் எழுபது வயதைக் கடந்து, பல்லாண்டு கொழுந்து பறித்து மெலிந்த ஒரு மூதாட்டி, நுவரெலியாவிலோ, 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 150 கட்டில்களுடன் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ படுத்திருக்கும்பொழுது, அதே விதி அவருக்கும் பொருந்துமா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

பட்டினி வைத்தியம் ஒரு காலத்தில் மருத்துவர்களே கைக்கொண்ட முறைதான். இன்சுலின் கிடைப்பதற்கு முன்னர், அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் அலன் முதலானோர் நீரிழிவு நோயாளரின் உணவைக் கடுமையாகக் குறைத்தே அவர்தம் ஆயுளைச் சிறிது நீட்டினர். 1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதன்பின் அம்முறைக்குத் தேவை இல்லாது போயிற்று. எனினும் நம் வீடுகளில் அவ்வெண்ணம் இன்னும் நீங்கவில்லை.

காய்ச்சலாலும் ஆறாத புண்ணாலும் வருந்தும் உடலுக்கு வழக்கத்தினும் மிகுதியான புரதம் வேண்டும். அது உணவிற் கிடையாவிடின் உடல் தன் தசையையே கரைத்துப் பயன்படுத்தும். நீரிழிவும் படுக்கையும் அத்தேய்வை விரைவுபடுத்தும். சீனி அளவு சீராகி வீடு திரும்பும் முதியவர், சரிவிலுள்ள லயத்துப் படிகளை ஏற வலுவின்றி, பிறர் கையை எதிர்பார்த்தே வாழ நேரிடலாம். ஆகவேதான் முதிய நீரிழிவு நோயாளர்க்குக் கடும் பத்தியம் விதித்தல் ஆகாது என்று, ஐரோப்பிய மருத்துவப் போசாக்குச் சங்கத்தார் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிகளில் அறிவுறுத்தினர். நோயுற்ற முதியவரின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவைப்படலாம். 50 கிலோ நிறையுடையவருக்கு இது 60 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் உள்ளதோ ஏறத்தாழ 6 கிராமே. சிறுநீரக நோயுள்ளோருக்கு இவ்வளவை வைத்தியரே வகுத்தல் வேண்டும்.

வைத்தியசாலை உணவு வழங்கினாலும் முதியவர் அதை உண்டாரா என்று பார்த்தல் அவசியம். பல்லின்மை, வாய்ப்புண், ஆறிப்போன சோறு, சில மருந்துகளால் வரும் பசியின்மை ஆகியன தடையாகலாம். தாம் பேசும் மொழி பிறர்க்கு விளங்காத இடத்தில், வேண்டியதைக் கேட்கக் கூசிப் பேசாதிருப்போரும் உளர்.

பார்வை நேரத்தில் செல்லும் உறவினர், தாதியின் இசைவுடன், குழைய வேகவைத்த பருப்பு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், சீனி சேராத தயிர் ஆகியவற்றைக் கொண்டுசெல்லலாம். கோதுமை ரொட்டி மெல்லக் கடினமாயின், அதைப் பருப்புக் கறியில் ஊறவைத்து அளவாகக் கொடுக்கலாம். நம் மலைச்சாரலில் விளையும் கோவாவும் கரட்டும் போஞ்சியும் நல்லனவே. ஆயினும் அவை மட்டும் தசையை வளர்க்கமாட்டா.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இன்சுலினையோ, சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளையோ பெற்றபின் உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாறிய பேச்சு ஆகியன அதன் அறிகுறிகள். முதியோரிடம் இதை வெறும் அயர்ச்சி என்று எண்ணிவிடுவதும் உண்டு. உடனே தாதியை அழைத்தல் வேண்டும். வீட்டில் இவ்வாறு நேரின், நினைவுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுக்கலாம். நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

மூன்று மாதத்தில் மூன்று கிலோ நிறை குறைந்தாலோ, சேலையும் சட்டையும் தளர்ந்து தொங்கினாலோ, ‘நோய் குறைகின்றது’ என்று மகிழாது வைத்தியரிடம் கூறுங்கள். திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் உணவைப் பற்றியே பெரிதும் பேசினார். அவர் வற்புறுத்தியது அளவறிந்து உண்ணலையே. முதியவருக்கு உரிய அளவு எதுவென அறிந்து ஊட்டுதல் வீட்டார் கடமையாகும்.