மஞ்சள் கடிதாசி கொடுத்தால் வாடகை வீடு என்ன ஆகும்?

வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, "ஐ.பி. கொடுத்துவிடு, தொல்லை தீரும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வாடகை வீட்டில் குடியிருப்பவர் அதற்கு முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மும்பையில் தனி நபர் திவாலுக்கு உரியது 1909-ம் ஆண்டுச் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தாலே ஐகோர்ட்டில் மனு செய்யலாம். திவால் உத்தரவு ஆனதும் சொத்துகள் கோர்ட்டு அதிகாரியின் கைக்குப் போகும். தொழில் கருவி, துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்குத்தான் விலக்கு.

வீடு?

"குடியிருப்பவர் திவாலானால் வீட்டைத் திரும்பப் பெறலாம்" என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-வது பிரிவைக் காட்டி வீட்டுக்காரர் வீட்டைக் கேட்கலாம். இல்லாவிட்டால், திவால் ஒன்றையே காரணம் காட்டி வெளியேற்ற முடியாது.

பழைய வாடகைப் பாக்கி மற்றக் கடன்களோடு சேரும். அதில் ஒரு மாத வாடகைக்கு மட்டும் முன்னுரிமை. உத்தரவுக்குப் பின் வரும் வாடகையை மாதாமாதம் கொடுத்தே ஆக வேண்டும்.

மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி (1999), பாக்கிக்கு நோட்டீசு கொடுத்து 90 நாள் கழிந்த பிறகே வழக்குப் போடலாம். சம்மன் கிடைத்த 90 நாளுக்குள் 15 சதவீத வட்டி, செலவுத் தொகையோடு பாக்கியைக் கட்டினால் வீடு தப்பும். "லீவ்-லைசென்ஸ்" முறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மஞ்சள் கடிதாசி கடன் கொடுத்தவர்களைத் தடுத்து நிறுத்தும். மாத வாடகையை நிறுத்தாது. மனுவில் கையெழுத்துப் போடும் முன், வாடகை ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள்.