ரபி இல்லாத ஊரில் யாரைக் கேட்பது? மதம் கடந்த குடும்பங்களும் யூதச் சடங்குகளும்: ஒரு விளக்கம்

நீங்க எலப்புள்ளி, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் வளர்ந்த தமிழர் என்று வைத்துக்கொள்வோம். வேலை பெங்களூரிலோ பாஸ்டனிலோ. கூட வேலை பார்க்கும் ஒருவரைக் காதலிக்கிறீர்கள். அவர் யூதர். ரெண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கியாச்சு. அடுத்த கேள்வி: கல்யாணத்தை யார் நடத்திவைப்பது?

இது அந்த ஒரு நாளோடு முடியும் கேள்வி இல்லை. குழந்தைக்குப் பெயர் வைப்பது, அது வளரும்போது எந்த மதத்தில் சேர்ப்பது, ஒருவர் இறந்தால் எரிப்பதா, புதைப்பதா என்று வரிசையாக வரும். யூத மரபில் இந்தக் கேள்விகளோடு மக்கள் போய் நிற்பது ரபியிடம்.

ரபி என்றால் பூசாரியா?

இல்லை. யூதச் சட்டத்தையும் மரபையும் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர் ரபி. கடவுளுக்கும் பக்தருக்கும் இடையில் நிற்பவர் அல்ல. வழிபாட்டை விவரம் தெரிந்த யாரும் நடத்தலாம். ரபியின் முக்கியமான வேலை வழிகாட்டுவது: எது செல்லும், எது செல்லாது, எதை எப்படிச் செய்யலாம் என்று சொல்வது.

என்னென்ன சடங்குகள்?

ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பெயர் வைப்பார்கள். பையனுக்கு 13 வயதானதும் பார் மிட்ஸ்வா. பெண்ணுக்கு 12 அல்லது 13 வயதில் பாட் மிட்ஸ்வா. திருமணம் ஹுப்பா என்ற விதானத்தின் கீழ் நடக்கும். கெத்துபா என்ற ஒப்பந்தம் வாசிக்கப்படும், கண்ணாடிக் குவளை உடைக்கப்படும். இறந்தவரைக் கூடிய சீக்கிரம் அடக்கம் செய்துவிட்டு ஏழு நாள் துக்கம் காப்பார்கள். பெற்றோருக்காகப் பிள்ளைகள் 11 மாதம் கதீஷ் பிரார்த்தனை சொல்வார்கள்.

நம்ம வீட்டுப் பெயர்சூட்டு, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம் எல்லாம் நினைவுக்கு வருகிறதா? ஏறக்குறைய அதே படிகள்தான். சிக்கல் வேறு இடத்தில்.

எங்கே சிக்கல்?

முதல் சிக்கல், யார் யூதர் என்பது. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகளில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். அப்பா மட்டும் யூதர் என்றால் பிள்ளை முறைப்படி மதம் மாற வேண்டும். அமெரிக்காவின் ரிஃபார்ம் ரபிகள் 1983-ல் இதை மாற்றினார்கள். பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதராகவே வளர்க்கப்பட்டால் போதும் என்றார்கள். ஆக, ஒரே குழந்தை ஒரு ஜெப ஆலயத்தில் யூதர், பக்கத்துத் தெரு ஆலயத்தில் யூதர் அல்ல!

இரண்டாவது, திருமணம். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் ரபிகள் மதக் கலப்புத் திருமணத்தை நடத்திவைக்கக் கூடாது. ரிஃபார்ம் பிரிவில் முடிவு அந்தந்த ரபியின் கையில். ஒருவர் மறுப்பார். ஒருவர் ‘பிள்ளைகளை யூதராக வளர்ப்பீர்களா?’ என்று கேட்பார். இன்னொருவர் நிபந்தனையே இல்லாமல் வருவார்.

இது ஏதோ நாலு குடும்பத்தின் பிரச்னை அல்ல. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 2010-க்குப் பிறகு திருமணம் செய்த யூதர்களில் 61 சதவிகிதம் பேரின் துணை யூதர் அல்லாதவர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்களே இன்று ரபிகளாக இருக்கிறார்கள். நியூயார்க் சென்ட்ரல் ஜெப ஆலயத்தின் ரபி ஏஞ்சலா புக்டாலின் அம்மா கொரிய பௌத்தர், அப்பா அமெரிக்க யூதர்.

கேரளாவில் யாரைக் கேட்பது?

எலப்புள்ளியில் இருந்து சில மணி நேரம் பயணித்தால் கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. ஆனால் கொச்சி யூதர்களுக்கு ரபி என்று தனியாக யாரும் இருந்ததில்லை. விவரம் தெரிந்த பெரியவர்களே எல்லாச் சடங்குகளையும் நடத்தினார்கள். உள்ளூர் வழக்கமும் அதில் கலந்தது. கேரள யூத மணப்பெண்கள் தாலி அணிந்தார்கள்.

பெரியவர்கள் கையில் முடிவு இருந்ததால் எல்லாம் இனிமையாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். ‘விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம்’ என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்களுக்கு அந்த ஆலயத்துக்குள்ளேயே சம இடம் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) ஆலயத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றார். 1950-ல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, கல்யாணத்தை மும்பையில்தான் நடத்த முடிந்தது. இத்தனைக்கும் இருவருமே யூதர்கள்!

1950-களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்து பேர்கூட இன்று கொச்சியில் உள்ளூரில் தேறுவதில்லை.

இந்தியாவில் வேறு வழியே இல்லையா?

டெல்லியில் 1956-ல் கட்டப்பட்ட ஜூடா ஹயாம் ஜெப ஆலயத்தைப் பாருங்கள். அங்கே பல ஆண்டுகளாக வழிபாட்டை நடத்திவந்த எசக்கியேல் ஐசக் மலேக்கர் பட்டம் பெற்ற ரபி அல்ல, ஒரு வழக்கறிஞர். சமூகம் மிகச் சின்னது என்பதால் அவர் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். பத்து பேர் கணக்கில் பெண்களையும் சேர்த்தார். மதக் கலப்புத் திருமணங்களையும் நடத்திவைத்தார். ஆர்த்தடாக்ஸ் ரபிகள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் விதியைக் கறாராகப் பிடித்தால், பிரார்த்தனை செய்யவே ஆள் இருக்காது என்பது சின்னச் சமூகங்களின் நிஜம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைக் கவனமாகப் படியுங்கள். ஒருவர் இந்து, மற்றவர் யூதர் என்றால், கோயிலிலோ ஹுப்பாவின் கீழோ நடக்கும் சடங்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். ஒரு இந்து–கிறிஸ்தவர் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் இதை உறுதி செய்தது.

உங்களுக்கான வழி, 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 30 நாள் பொதுப்பார்வையில் இருக்கும். சட்டப்படியான ஆட்சேபம் இல்லையென்றால், மூன்று சாட்சிகளோடு திருமணம். யாரும் மதம் மாறத் தேவையில்லை.

ரெண்டு பின்விளைவுகள் உண்டு. இந்து கூட்டுக் குடும்ப உறுப்பினர் இந்தச் சட்டப்படி யூதரை மணந்தால், அந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். வாரிசுரிமைக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். பரம்பரைச் சொத்து இருந்தால் முதலிலேயே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

முன்கூட்டியே பேச வேண்டியவை

ரபியிடம் போகும் முன் நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. குழந்தைக்கு விருத்தசேதனம் உண்டா? தாய் யூதர் இல்லை என்றால், பிள்ளையை மதம் மாற்றுவதா, இல்லை பெரியவனாகி அவனே முடிவு செய்யட்டுமா? கல்யாணத்தில் தாலியும் ஹுப்பாவும் ஒரே மேடையிலா, தனித்தனியா?

எல்லோரும் தள்ளிப்போடுவது மரணம் பற்றிய பேச்சை. மரபான யூத முறை தகனத்தை ஏற்பதில்லை. பல தமிழ்க் குடும்பங்களில் தகனம்தான் வழக்கம். பல யூதக் கல்லறைத் தோட்டங்களில் யூதர் அல்லாத துணைக்கு இடம் கிடையாது. துக்க வீட்டில், ரெண்டு பக்கத்துச் சொந்தமும் அழுதுகொண்டிருக்கும்போது இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் விருப்பத்தை இப்போதே எழுதிவைத்து, ரெண்டு வீட்டிலும் தலா ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.