சோறு தின்றும் இளைத்தார்கள்

வெள்ளைச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் நகரத்து டியூக் பல்கலைக்கழகத்தில் 1939 வாக்கில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்கு விதித்த பத்தியம் இது. நாஜி ஜெர்மனியை விட்டு வந்தவர் அவர். எகிறிப்போன ரத்த அழுத்தத்துக்கு அன்று உருப்படியான மாத்திரைகள் இல்லை. உப்பையும் புரதத்தையும் அடிமட்டத்துக்குக் குறைத்தால் பழுதான சிறுநீரகத்துக்கு ஓய்வு கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். பலருக்கு அழுத்தம் இறங்கியது. உடம்பும் இளைத்தது.

பின்னாளில் சாப்பாட்டின் அளவைச் சுருக்கி, உடற்பயிற்சியும் சேர்த்து, உடல் பருமனுக்கே அதைச் சிகிச்சையாக்கினார் கெம்ப்னர். 1975இல் வெளியான அவர் குழுவின் ஆய்வுக் கட்டுரையில், 45 கிலோவோ அதற்கு மேலோ இளைத்த 106 பேரின் விவரம் இருக்கிறது. சராசரியாக ஒருவர் இழந்தது ஏறத்தாழ 64 கிலோ. தேறியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்த பட்டியல் அது, தேறாதவர்கள் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது. ஆனாலும் சோறுதான் தொப்பைக்குக் காரணம் என்று அடித்துச் சொல்பவர்கள் ஒருமுறையாவது அதைப் புரட்டிப் பார்க்கலாம். கெம்ப்னரின் பத்தியத்தில் கலோரியில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வந்தது.

இதற்கு நேரெதிரான கதை லண்டனில் நடந்தது. வில்லியம் பேண்டிங் அங்கே சவ அடக்க ஏற்பாடுகள் செய்பவர். அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையே நடத்திய நிறுவனம் அவர் குடும்பத்துடையது. வயது 66, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை சுமார் 92 கிலோ. குனிந்து காலணி நாடாவைக் கட்ட முடியவில்லை, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. எடையைக் குறைக்கப் படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது. நீராவிக் குளியலும் கைகொடுக்கவில்லை. கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். அவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றையெல்லாம் நிறுத்தச் சொன்னார். கறி, மீன், காய், கூடவே ஒயின் என்று ஒரு வருடம் சாப்பிட்ட பேண்டிங் சுமார் 21 கிலோ இளைத்தார். அந்த அனுபவத்தை 1863இல் ஒரு சிறு பிரசுரமாக அச்சிட்டுத் தன் செலவில் விநியோகித்தார். நியூயார்க்கின் ராபர்ட் அட்கின்ஸ் 1972இல் எழுதிப் பெரும் பரபரப்பைக் கிளப்பிய புத்தகமும், இன்றைய கீட்டோவும், தமிழ்நாட்டில் வேரூன்றிய பேலியோவும் அந்தப் பிரசுரத்தின் வாரிசுகள்தாம்.

ஒருவர் சோற்றை விட்டு இளைத்தார், இன்னொருவரின் நோயாளிகள் சோறு தின்று இளைத்தார்கள். இரண்டும் உண்மை என்றால் மாவுச்சத்தைக் குறைப்பதால் உடம்புக்குள் உண்மையில் நடப்பது என்ன?

முதல் வாரத்தில் நடப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. எடை பார்க்கும் கருவி இரண்டு கிலோ குறைந்ததாகக் காட்டும். அதில் கொழுப்பு கொஞ்சம்தான். ‘ஒரே வாரத்தில் இரண்டு கிலோ’ என்ற விளம்பரங்களின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் அந்த எடையில் பெரும்பகுதி மறுநாளே திரும்பிவிடும்.

அதற்குப் பிறகு இறங்கும் எடை கொழுப்புதான். அது ஏன் இறங்குகிறது என்பதில்தான் நெடுநாள் சண்டை. மாவுச்சத்து இன்சுலினைத் தூண்டுகிறது, இன்சுலின் கொழுப்பைப் பூட்டி வைக்கிறது, ஆகவே மாவுச்சத்தை நிறுத்தினால் பூட்டு திறந்துகொள்ளும் என்பது ஒரு கட்சி. ஹார்வர்டின் டேவிட் லுட்விக்கும் பத்திரிகையாளர் கேரி டாப்ஸும் இதன் முக்கிய வாதிகள். எதைக் குறைத்தாலும் மொத்தத்தில் உள்ளே போகும் கலோரி குறைவதுதான் காரணம் என்பது எதிர்க்கட்சி.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹால் இதைச் சோதித்துப் பார்த்தார். 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, இறைச்சி சார்ந்த கீட்டோ சாப்பாடு, இரண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த, மாவுச்சத்து நிறைந்த தாவரச் சாப்பாடு. எதிலும் வேண்டிய மட்டும் சாப்பிடலாம். 2021இல் வெளியான முடிவு இன்சுலின் கட்சிக்குச் சாதகமாக இல்லை. மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டின்போது இன்சுலின் அதிகம் சுரந்தது, ஆனால் அவர்கள் தினமும் சுமார் 700 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள். கூடுதலாகப் பசித்ததாகவும் சொல்லவில்லை. வெறும் இரண்டு வாரச் சோதனையை வைத்து வாழ்நாள் உணவை முடிவு செய்ய முடியாது என்பதை ஹாலே ஒப்புக்கொள்வார். ஆனால் சோறு சாப்பிட்டால் பசி தூண்டப்பட்டுத்தான் தீரும் என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது.

வருடக் கணக்கில் நடந்த ஆய்வுகளுக்கு வருவோம். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 63 பேரில் ஒரு பாதி அட்கின்ஸ் முறையையும் மறுபாதி வழக்கமான கலோரிக் கட்டுப்பாட்டையும் பின்பற்றினார்கள். ஆறாம் மாதத்தில் அட்கின்ஸ் குழு நன்றாகவே முந்தியது. பன்னிரண்டாம் மாதத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் மிஞ்சவில்லை. அதற்குள் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் ஆய்வைவிட்டே விலகியிருந்தார்கள். உணவு குருமார்கள் அதிகம் பேசாத எண் இந்த 40தான்.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் நடத்திய ஆய்வு இன்னும் பெரியது: 609 பேர், ஒரு முழு வருடம். 2018இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்திருந்தார்கள். புள்ளியியல் கண்ணில் இரண்டும் ஒன்றே. யாருக்கும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்குங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள் என்று இரண்டு குழுவுக்கும் ஒரே அறிவுரை. யாருக்கு எந்த உணவு ஒத்துவரும் என்பதை மரபணுவோ இன்சுலின் அளவோ முன்கூட்டியே சொல்லிவிடும் என்று எதிர்பார்த்தார்கள், அதுவும் பொய்த்தது. சராசரியைவிடச் சுவாரசியமானது அதற்குள் ஒளிந்திருந்த விரிவு. இரண்டு குழுவிலுமே சுமார் 30 கிலோ இளைத்தவரும் இருந்தார், சுமார் 10 கிலோ ஏறியவரும் இருந்தார்.

61 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 7,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2022இல் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் சமச்சீரான உணவில் எடை குறைத்தவர்களுக்கும் இடையில் அது கண்ட வித்தியாசம் ஒரு கிலோ அளவுக்குத்தான்.

சர்க்கரை நோய்க்காரர்கள் கதை கொஞ்சம் வேறு. மாவுச்சத்து குறைந்தால் ரத்தச் சர்க்கரை நேரடியாக இறங்கும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையே அதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொல்கிறது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் குறையும். ஆனால் இங்கும் ஒரு முரண் உண்டு. பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் என்ற ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதங்கள் தினம் சுமார் 850 கலோரி மட்டும் தரும் சூப்பும் பானமும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் இது 86 சதவீதம். அந்தப் பானத்தின் கலோரியில் அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானது மாவுச்சத்து! ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்கிறார் டெய்லர்.

அப்படியானால் தமிழர்கள் சோற்றைக் குறைக்க வேண்டாமா? வேண்டும். இங்கே பிரச்சினையின் அளவே வேறு.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுத் தரவுகள் 2025இல் வெளியாயின. அந்தக் கணக்கில், இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. புரதம் 12 சதவீதம் அளவுக்குத்தான். மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அங்கே புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவதாகக் கணக்கிட்டார்கள். அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் மட்டும், மொத்த மாவுச்சத்து குறையாதவரை, அந்தப் பலன் தெரியவில்லை.

இந்தக் கடைசி வரி தமிழ்நாட்டுச் சமையலறைகளில் ஒட்டி வைக்க வேண்டியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து, கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் ஏராளம், அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சோற்றுக்குப் பதில் இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு இளைப்பதற்குக் காத்திருப்பது வீண். ‘ராத்திரிக்குச் சப்பாத்தி’ என்ற வைத்தியம் சிலருக்குப் பலிக்கிறது என்றால், சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம் என்பதே முக்கியக் காரணமாக இருக்கும். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. சாம்பாருக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை என்று மூன்று முறை விழுவது நம் கணக்கில் ஒரே சாப்பாடு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பொரியல் இருந்தால் அதுவும் காய்கறிக் கணக்கில் போய்விடும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று ஆறுதலடைபவர்கள் அதைக் கொஞ்சம் தெளிய விட்டுப் பார்க்கலாம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. அதாவது சோற்றை விலக்கச் சொல்லவில்லை, குவியலைச் சிறிதாக்கச் சொல்கின்றன. முதலில் காயும் கூட்டும், பிறகு முட்டையோ மீனோ சுண்டலோ கெட்டிப் பருப்போ, மிஞ்சிய இடத்தில் சோறு என்று தட்டை நிரப்பினால் அந்த இலக்கு வந்துவிடும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டால் நான்கு மணிக்குப் பசிக்கும், டீக்கடை பஜ்ஜி கண்ணில் படும்.

முகநூல் வழியாகவும் நியாண்டர் செல்வனின் எழுத்து வழியாகவும் பத்தாண்டுகளுக்கு முன் தமிழர்களிடையே பரவிய பேலியோ, இந்த வெற்றிடத்தை நிரப்பியதால்தான் பலருக்குப் பலித்தது. காலையில் நூறு பாதாம், நாலு முட்டை, வெண்ணெய் டீ, பனீர், இறைச்சி என்று வயிறு நிறைந்தது. நூறு பாதாமிலேயே 600 கலோரிக்கு மேல் இருக்கிறது, மதியம்வரை பசிக்காததில் வியப்பில்லை. ஆனால் பாதாம் விலையைப் பார்த்தால் இது யாருக்கான உணவு என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு மானிய விலையில் கிலோ 30 ரூபாய், குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்! அரிசியைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர், அந்த வீட்டில் அதற்குப் பதில் என்ன வாங்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவுரை.

மாவுச்சத்தை ஓரளவு குறைப்பது பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. அடியோடு நிறுத்தும்போதுதான் சிக்கல்கள் வருகின்றன. முதல் சில நாட்கள் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் சாதாரணம். சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் மளமளவென்று ஏறிவிடும், ஆகவே தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனை தேவை. சிறுநீரகப் பழுது உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக இதில் இறங்கக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளில் இருப்பது இன்னொரு வகை ஆபத்து. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் இவை இப்போது பரவலாக எழுதப்படுகின்றன. இவற்றோடு கீட்டோ உணவும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் அளவுமீறித் தேங்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும்போதும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அதிகமில்லாததுபோலத் தெரியும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அப்படி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர்கள் மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும். சோற்றை நிறுத்தி எத்தனை நாளாகிறது என்பதைச் சொல்லி, கீட்டோன் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.